தாம்பாளத்தில் வந்த மதர்போர்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இளமதி அந்தப் பெட்டியை மறுபடியும் கையில் எடுத்தாள். பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தாள். ஆறு நாளாகப் படிக்கிறாள். எண் மாறவில்லை. மாறிவிடும் என்று நம்புவதற்கு இயற்பியலில் பட்டம் வாங்கியவளுக்கு வழியுமில்லை.

பெட்டியின் நான்கு மூலையிலும் அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தன.

போன திங்கட்கிழமைதான் கிரகப்பிரவேசம். அன்னவாசல் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஆத்மநாதன், இருபது வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, சித்தன்னவாசல் போகும் ரோட்டில் இரண்டு அறையோடு கட்டிய வீடு. என்ன வாங்கி வருவது என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, அவர் மகளைக் கைகாட்டினார். அவருடைய பங்காளி வீட்டுப் புதுமனைக்குப் பதினோரு சுவர்க்கடிகாரம் வந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார்.

"கடிகாரம் வேணாம். இளமதி ஒரு லிஸ்ட் வச்சிருக்கா. கம்ப்யூட்டர் சாமான். கல்யாணத்துக்குக் கட்டில் ஒருத்தர், பீரோ ஒருத்தர்னு எடுத்துக்கிற மாதிரி ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டார்கள். கேபினட் ஒருவர், மானிட்டர் ஒருவர், பவர் சப்ளை ஒருவர். எல்லோரும் ஈஸ்வரி என்று கூப்பிடும் அப்பாவின் தங்கை பிரகதீஸ்வரி அத்தை புராசசரும் ரேமும். அம்மாவின் அண்ணன் அடைக்கலம் மாமா மதர்போர்டு. இருப்பதில் விலை கூடிய கிராபிக்ஸ் கார்டை மட்டும் இளமதி, இரண்டு வருட டியூஷன் காசில் தானே வாங்கினாள்.

லிஸ்ட் எழுத அவளுக்கு மூன்று வாரம் ஆனது. கேம் ஓட வேண்டும், விலையும் கையை மீறக் கூடாது. அதில் இருந்த ஒவ்வொரு பொருளும் மற்றதைப் பார்த்துத் தேர்ந்தது. ஒன்றை மாற்றினால் இன்னொன்று உட்காராது. அதனால் ஒவ்வொன்றுக்கும் நேரே முழு எண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

திங்கட்கிழமை, மேளம் முன்னால் வர, இருபத்தோரு தாம்பாளத்தோடு மாமா வந்தார். முதல் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் மதர்போர்டு. பெட்டியின் மேல் இருந்த எண்ணைப் பார்த்த அந்த நிமிடமே இளமதிக்குத் தெரிந்துவிட்டது. இது லிஸ்டில் எழுதிய போர்டு இல்லை. அடுத்த தலைமுறைப் போர்டு. அத்தை வாங்கிய புராசசரும் ரேமும் இதில் உட்காராது.

அப்போதே சொல்லியிருக்கலாம். இருநூறு பேர் நின்றார்கள். வீடியோக்காரரின் லைட் கண்ணில் அடித்தது. கடைக்காரரிடம் சில்லறை குறைகிறது என்று சொல்லவே கூசுகிறவள் அவள். அதோடு, மாமா அந்தக் குடும்பத்தின் வாசலை மிதித்தே ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இளமதியின் சடங்குக்கு மாமா ஒரு பீரோ கொண்டுவந்தார். ஆல்பம் வந்தபோது, அந்தப் பீரோவுக்கு முன்னால் அத்தை குடும்பம் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அது அத்தை கொடுத்த பீரோ என்றார்கள். அத்தையும் இல்லையென்று சொல்லவில்லை. "பேர் இல்லாத பொருளுக்கு எவனும் சொந்தம் கொண்டாடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான் மாமா.

ஆகவே இளமதி வாயைத் திறக்கவில்லை. பெட்டியையும் திறக்கவில்லை. சீல் பிரிக்காமல் இருந்தால்தான் கடையில் மாற்றிக்கொள்வார்கள் என்பது அவள் கணக்கு. யாரிடமாவது சொல்ல நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு நாள் ஓடிவிட்டது.

இனி நாளை இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று அவளுக்கு ஐந்து நாள் பரீட்சை வைக்கிறது. வெளிவராத கேம்களை வீட்டிலிருந்தே ஆடிப் பார்த்து, குறை கண்டுபிடித்து எழுதும் வேலை. சொந்த மிஷின் வேண்டும். அது இன்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். ஓடவில்லை என்றால், செவ்வாய்க்கிழமை முதல் பக்கத்துத் தனியார் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். அம்மா ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள்.

இளமதி பெட்டியோடு அடுப்படிப் பக்கம் போனாள். அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"என்னாத்தா?"

"மாமா குடுத்த போர்டு சேராது."

"சேராதுன்னா?"

"ஒன்றரை இஞ்ச் மோட்டாருக்கு ரெண்டு இஞ்ச் பைப் வாங்கிட்டு வந்த மாதிரி."

அப்பா யோசித்தார். "நடுவுல ரெடியூசர் போட்டு இணைச்சா?"

"இதுக்கு ரெடியூசரே கெடையாதுப்பா."

தம்ளரைக் கீழே வைத்தார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமையே."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

அம்மா பொன்னுத்தாய் தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

"என்ன சேராது?"

அப்பா சொன்னார். அம்மாவின் முகம் கரண்டியைப் போலவே சூடாகியது.

"மாமன் சீரைத் திருப்புறதா? எங்கண்ணன் இப்பத்தான்டி வந்துச்சு. போன மாசம் வரைக்கும் போன்ல கூடப் பேசாத மனுசன். இப்பக் கூப்பிட்டு, நீ குடுத்தது ஆகாதுன்னு நான் சொல்லணுமா?"

"ஆகாதுன்னு இல்லம்மா. நல்ல போர்டுதான். ஆனா..."

"நல்லதுன்னா போட்டு ஓட்டு!"

இளமதி கண்ணை மூடித் திறந்தாள். தோசை கருகும் வாடை வந்தது.

கடைசியில் அப்பாதான் போன் போட்டார். "மச்சான், ஒரு சின்ன விசயம்" என்று ஆரம்பித்து, வெகுநேரம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார்.

"அறந்தாங்கியில இருந்து கிளம்பி வாராராம்."

"என்ன சொன்னாரு?"

"மாத்தக் கூடாதுன்னாரு. வாரேன்னாரு. அவ்வளவுதான்."

மாமா வருவதற்குள் அத்தை வந்துவிட்டாள். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கிறவள். செய்தி அவளுக்கு நடந்து போவதில்லை, பறந்து போகும்.

"என் புராசசரை என்னமோ சேராதுன்னு சொன்னாளாம்ல?"

"ஒங்களது சரிதான் அத்தை. போர்டுதான் வேற."

"அப்படிச் சொல்லு. திருச்சி வரைக்கும் போயி, நம்பரை எழுத்து எழுத்தா ரெண்டு தடவை சரிபாத்து வாங்கினவ நான். ஒரு பித்தான் கலர் மாறினாலே திருப்பிக் குடுக்குற ஆளு."

உண்மை. அத்தை லிஸ்டில் இருந்ததைத்தான் வாங்கியிருந்தாள். அவள் பக்கம் நியாயம் இருந்ததுதான் இளமதிக்கு இன்னும் தொல்லையாக இருந்தது.

பத்தரைக்கு மாமா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு சீப்பு வாழைப்பழம். அறந்தாங்கியில் முப்பது வருடமாக எவர்சில்வர் பாத்திரக்கடை. நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கட்டிலில் அத்தை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடமாக அவர்கள் நேரே பேசுவதில்லை. கிரகப்பிரவேசத்தன்றும் பேசவில்லை. எதுவானாலும் அம்மா வழியாகத்தான்.

"பொன்னு, கடைக்காரன்கிட்ட நான் கேட்டேன். சீட்டுல எழுதியிருக்குறது போன தலைமுறை, இது புதுசுன்னான். தங்கச்சி மகளுக்குப் பழசையா குடுப்பேன்? மூவாயிரம் மேல போட்டு எடுத்தேன்."

"மதினி, சீட்டுல இருந்ததை வாங்கினா இந்தத் தொல்லையே இல்லைன்னு சொல்லுங்க."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே அறையில் ஆறடி தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எதைச் சொல்வது?

"இப்ப என்ன?" என்றார் மாமா. "அந்தப் புராசசர், ரேம் ரெண்டையும் புதுசுக்கு மாத்திக்க வேண்டியதுதானே? நானே வாங்கித் தாரேன். சொல்லிரு."

"எம்பொருளை மாத்துறதுக்கு யாரும் காசு குடுக்க வேணாம்னு சொல்லிருங்க மதினி."

"பேரே மதர் போர்டு. மதர்னா என்ன? தாய். தாய்மாமன் சீரு அது. அதைத் தொடக் கூடாது."

"அப்பப் புராசசர் என்ன, அனாதையா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பார்த்த பார்வையில் சிரிப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மாமா," என்றாள் இளமதி. யாரும் திரும்பவில்லை. "மாமா, அது ரெண்டையும் மாத்துனா இருபதாயிரத்துக்கு மேல..."

"நீ இரு" என்றாள் அம்மா.

"பீரோவையே தன்னுதுன்னு ஆக்கிக்கிட்டவங்களுக்கு..." மாமா தொடங்கினார்.

"யாரு ஆக்கிக்கிட்டா? போட்டோக்காரன் நிக்கச் சொன்னான், நின்னோம். அந்த எடத்துலதான் வெளிச்சம் இருந்துச்சு. கேட்டுச் சொல்லுங்க மதினி, பீரோவை நாங்க வீட்டுக்கா தூக்கிட்டுப் போனோம்?"

போர்டு போய்ப் பீரோ வந்துவிட்டது. இனி பீரோவுக்கு முன்னால் என்ன நடந்தது என்று போவார்கள். இளமதி தன் நோட்டைப் பார்த்தாள். மூன்று வாரம், எட்டுப் பொருள், எட்டு எண். எது எதோடு சேரும் என்று அவளால் ஒரு பக்கத்தில் எழுத முடிந்தது. இந்த அறையில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

"நாளைக்குப் பத்து மணி!"

கத்தியது தான்தான் என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மிஷின் ஓடணும். யாரு குடுத்தது உள்ள இருக்குன்னு கம்பெனியில கேக்க மாட்டாங்க. ஓடுதான்னுதான்..."

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, குகை ஓவியம் பாக்க இங்கிட்டுப் போகணுமா, அங்கிட்டா?"

அப்பா எழுந்து போய் வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்றால் எப்படியும் நாலு வண்டி இப்படி வந்து நிற்கும். அவர் திரும்பி வந்தபோது இளமதியின் பேச்சு பாதியில் அப்படியே கிடந்தது. அதை எடுத்துத் தொடர அவளுக்குத் தைரியம் இல்லை.

ஆனால் மாமா எழுந்துவிட்டிருந்தார்.

"சரி. பெட்டியைக் குடு. நான் போயி மாத்திட்டு வாரேன்."

இவ்வளவு சட்டென்று இறங்கி வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

"நானும் வாரேன் மாமா."

"நீ எதுக்கு? வெயிலு. நான் மட்டும் போறேன்."

"போன தடவை நீங்க மட்டுந்தான் போனீங்க."

அத்தை பக்கமிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

கடையிலேயே பொருத்திப் பார்த்துவிடலாம் என்று இளமதி புராசசர் பெட்டியைக் கேட்டாள். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது இந்த வாசலைத் தாண்டாது. அங்க போயி எதை எதோட மாத்துவாங்கன்னு யாரு கண்டா?"

இளமதி வாதாடவில்லை. மணி பதினொன்றரை. புதுக்கோட்டையில் மாமா போர்டு வாங்கிய கடை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அடைப்பு.

டவுன் பஸ்ஸில் மாமா மஞ்சள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, கேம் ஆடுறதுக்கா சம்பளம் குடுக்குறான்?"

"ஆடுறதுக்கு இல்ல மாமா. எங்க எங்க குறை இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்கு."

"குறை கண்டுபிடிக்கவா? அது நம்ம வீட்டுல எல்லாருக்கும் வருமே."

இளமதிக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா மறுபடி கேட்டார்.

"கடையில சீலைப் பிரிச்சு வெளிய எடுத்துப் பாப்பாங்களோ?"

"பாப்பாங்க."

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். இறங்கியதும் டீ குடிக்கலாம் என்றார். டீ குடித்ததும், ஒரு தெரிந்தவரைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்றார். இளமதி கடிகாரத்தைக் காட்டினாள். கோபித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவளுக்கும் கோபம் இருந்தது. இவர் சீட்டில் எழுதிய எண்ணைப் படித்திருந்தால் இந்நேரம் வீட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

கீழ ராஜ வீதியில் மாடி ஏறினால் கம்ப்யூட்டர் கடை. கவுண்டரில் மோகனப்ரியா இருந்தாள். லிஸ்ட் எழுதும்போது இளமதி போனில் நூறு சந்தேகம் கேட்டது இவளிடம்தான்.

"நீங்கதானா அது? போன்ல அவ்வளவு மெதுவாப் பேசுவீங்க, ரொம்பச் சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன்." பில்லைப் பார்த்தாள். "நான் லீவு போட்டிருந்த அன்னைக்கு வாங்கியிருக்கீங்க. பரவால்ல, பிரிக்காம இருந்தா மாத்திக்கலாம்."

"பிரிக்கலை" என்றாள் இளமதி.

மோகனப்ரியா பெட்டியைத் திருப்பினாள். நகத்தால் ஓரத்தைத் தடவினாள்.

"டேப்பு ரெண்டு தடவை ஒட்டியிருக்கே."

மாமா தெருவில் போகும் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனப்ரியா திறந்தாள். வெள்ளிக் கவரிலிருந்து போர்டை உருவினாள். மேல்பக்கம் பார்த்தாள். சரியாக இருந்தது. திருப்பினாள். அப்படியே நின்றாள்.

"இது என்னங்க?"

போர்டின் கறுப்பு முதுகில், பாத்திரத்தில் பேர் வெட்டும் ஊசியால் பொடி எழுத்தில், வரி பிசகாமல் வெட்டியிருந்தது.

மாமன் சீர். அ. அடைக்கலம், பாத்திரக்கடை, அறந்தாங்கி. செல்வி இளமதிக்கு.

கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு பூ. அதற்கு ஐந்து இதழ்.

மோகனப்ரியா பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தாள்.

"உள்ள ஓடுற லைனு எல்லாம் அறுந்திருக்கு. இது ஓடாதுங்க. கம்பெனிக்கும் அனுப்ப முடியாது. நாங்களும் எடுத்துக்க முடியாது."

"தெரியும்மா" என்றார் மாமா. குரல் சின்னதாக இருந்தது. "பேர் வெட்டின பொருளை எங்கடையிலயும் திருப்பி எடுக்க மாட்டேன். கடை வாசல்ல போர்டு எழுதியே மாட்டியிருக்கேன்."

"அப்பக் காலையிலயே ஏன் மாமா சொல்லலை?"

"ஈஸ்வரி உக்காந்திருந்துச்சு."

"அதுக்கு?"

"நான் மட்டும் வந்து வேற ஒண்ணு வாங்கிட்டு வந்திரலாம்னு பாத்தேன். நீ கூட வாரேன்னுட்ட." வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். "பின்பக்கம் பெருசா ஒண்ணும் இல்லாமக் கறுப்பா, வழவழன்னு இருந்துச்சுத்தா. பேரு எழுதுறதுக்குன்னு விட்ட எடம்னு நெனச்சேன்."

இளமதி என்னவெல்லாமோ சொல்ல நினைத்தாள். பதினாலாயிரம் ரூபாய்ப் போர்டை ஒரு கரண்டியைப் போல நடத்தியிருக்கிறார். சீட்டில் எழுதியதை வாங்கவில்லை. வாங்கியதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்தப் பூவைப் பார்த்தால், கை நடுங்காமல், மூச்சைப் பிடித்து, மெதுவாக வெட்டியது தெரிந்தது. கடைக்கு வரும் பாத்திரங்களுக்கெல்லாம் அவர் பூப் போடுவதில்லை.

அதற்காகக் கோபம் குறையவில்லை. எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"அக்கா," என்றாள் மோகனப்ரியாவிடம், "லிஸ்ட்ல எழுதின போர்டு இருக்கா?"

"ஸ்டாக் இல்ல. திருச்சியில இருந்து நாளைக்குச் சாயந்தரம் வரும்."

"காலையில பத்து மணிக்கு வேணும்."

மோகனப்ரியா கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனாள். பழைய துணியில் சுற்றிய ஒரு போர்டோடு வந்தாள்.

"கறம்பக்குடியில ஒரு பிரௌசிங் சென்டர் மூடினாங்க. அங்க இருந்து வந்தது. ஒங்க புராசசர், ரேம் ரெண்டும் இதுல உக்காரும். மூவாயிரத்து ஐநூறு. கேரண்டி கெடையாது."

இளமதி நோட்டைத் திறந்து எண்ணை ஒத்துப்பார்த்தாள். அவள் எழுதி, அடித்திருந்த மூன்றாவது தேர்வு. சேரும்.

"ஓடுதான்னு பாத்துரலாமா?"

"இதுக்கான புராசசர் இப்பக் கையில இல்ல. நீங்க கொண்டுவந்திருந்தா படம் வருதான்னே பாத்திருக்கலாம். கரண்டு ஏறுதான்னு வேணாப் பாக்குறேன்."

கரண்டு ஏறியது. ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. அத்தையின் மடியில் இருந்த புராசசரை நினைத்து இளமதி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பழசையா?" என்றார் மாமா. "மாமன் சீருக்குப் பழசைக் குடுத்தேன்னு..."

"மாமா, எடுங்க."

மாமா இடுப்பிலிருந்து பணத்தை எடுத்தார். எண்ணிக் கொடுத்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தார்.

"இதை அந்தப் புதுப் பெட்டியிலயே வச்சிரு ஆத்தா. வீட்டுல சொல்லாத. ஒங்கம்மா தாங்கமாட்டா. அந்தப் பக்கம் காதுல விழுந்துச்சுன்னா நான் அன்னவாசல் பஸ்லயே ஏற முடியாது."

பொய் சொல்ல இளமதிக்கு வராது. சொன்னால் காது சிவந்துவிடும்.

"நான் எதையும் சொல்ல மாட்டேன் மாமா. ஆனா இதுல பேர் வெட்டக் கூடாது."

"சத்தியமா மாட்டேன்" என்றார். நிஜமாகவே தலையில் கை வைத்துச் சொன்னார்.

நாலு மணிக்குப் புது அறையில் தரையில் துணி விரித்து வேலை தொடங்கியது. வெட்டுப்பட்ட போர்டு இருந்த மஞ்சள் பையை மாமா சுவர் ஆணியில் உயரமாக மாட்டிவிட்டு, டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா கடையிலிருந்து ஸ்குரூ டிரைவர் செட் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்திவிட்டு வந்தாள். அத்தை மடியிலிருந்து பெட்டியை, குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்தாள்.

இளமதி சாக்கெட்டின் கொக்கியை உயர்த்தி, முக்கோணக் குறியை ஒத்துவைத்து, விரலை எடுத்தாள். புராசசர் தானாக இறங்கி உட்கார்ந்தது. கொஞ்சமும் அழுத்த வேண்டியிருக்கவில்லை.

"அட," என்றார் அப்பா. "நூல் பிடிச்ச மாதிரி."

அன்று முழுவதும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தது அது ஒன்றுதான்.

ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு. வயர்களை இழுத்துக் கட்டினாள். கேபினட்டின் கண்ணாடிக் கதவை மாட்டினாள். அத்தை குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மதினி, ஒங்கண்ணன் பேரைக் காணோமே? பேர் வெட்டாம ஒரு கரண்டிகூடக் குடுக்காத மனுசராச்சே."

டார்ச் வெளிச்சம் லேசாக ஆடியது.

"அதுல எல்லாம் வெட்டக் கூடாது அத்தை" என்றாள் இளமதி. அது உண்மைதான். ஆனாலும் காது சுட்டது.

"ஓ" என்றாள் அத்தை. அந்த 'ஓ' இன்னும் முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

இளமதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். இளமதி பட்டனை அழுத்தினாள்.

ஒன்றுமில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. பள்ளிக்கூட லேபின் மேசை, சோதனைக் குழாய்கள், அதன் மேல் படிந்த தூசு எல்லாம் அவள் கண்ணில் வந்து போயின.

பிறகு மூன்று விசிறியும் சேர்ந்து சுழல ஆரம்பித்தன. ஒரு 'பீப்'. மானிட்டர் கறுப்பிலிருந்து நீலத்துக்கு மாறியது.

"வந்துருச்சு!" அப்பா அவள் முதுகில் தட்டினார். "வந்துருச்சு ஆத்தா!"

இளமதிக்குக் கண் நிறைந்தது. பத்து மணி என்ற எண் காலையிலிருந்து முதல் முறையாக மிரட்டாமல் நின்றது. பென் டிரைவை எடுக்கக் கையை நீட்டினாள். அப்போதுதான் திரையில் படம் முழுதாகத் தெளிந்தது. கூப்பிய இரண்டு கைகள். அதற்குக் கீழே பெரிய எழுத்து. யாரோ, எப்போதோ, போர்டுக்குள்ளேயே பதித்து வைத்த வரவேற்பு.

அத்தை எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தாள்.

"மலர்விழி பிரௌசிங் சென்டர். கறம்பக்குடி. தங்கள் வரவு நல்வரவாகுக."

மாமா டார்ச்சைத் தரைப் பக்கம் திருப்பினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா ஒன்றும் புரியாமல். "யாரு அந்த மலர்விழி?"

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதைத்தான் மதினி நானும் கேக்குறேன். புதுப் பெட்டியில வந்த புதுப் போர்டு. ஒங்கண்ணன் பேரு இல்ல. கறம்பக்குடி மலர்விழி பேரு இருக்கு. கேட்டுச் சொல்லுங்க."

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அப்பா இளமதியைப் பார்த்தார். இளமதி வாயைத் திறந்தாள். மாமா, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

டார்ச்சை அணைத்தார். சுவர்ப் பக்கம் போய், எட்டி, ஆணியிலிருந்து மஞ்சள் பையை இறக்கினார்.

"ஈஸ்வரி," என்றார்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவை, நடுவில் அம்மா இல்லாமல்.